பொருள் எண் பதினொன்று

செறுகோணம் பேரூராட்சியின் சாதாரணக் கூட்டம்.
பத்துப் பொருள்கள் நிறைவேறிய பிறகு
சாயா வந்தது, பழம்பொரி வந்தது.
பதினொன்றாவதைச் செயல் அலுவலர்
எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார்.

டெல்லியில் தீர்மானித்து, சென்னையில் மொழிபெயர்த்து,
நாகர்கோவிலில் முத்திரை குத்திய தாள்.
துணை சுகாதார நிலையம் என்று இனி ஒன்று இல்லை;
அது நலவாழ்வு மையம்.
பன்னிரண்டு சேவைகள். மஞ்சள் சுவர்.
ஒரு திரை, திரைக்குள் ஒரு டாக்டர்.
இடமும் கட்டடமும் உள்ளாட்சியின் பொறுப்பு.
'மக்கள் பங்கேற்புடன்' என்று
தடித்த எழுத்தில், இரண்டு இடத்தில்.

நான் குறிப்பேடு எழுதுகிறவன்.
பேசுவதையெல்லாம் எழுதுவதல்ல என் வேலை,
பேசியதில் சட்டத்துக்குள் வருவதை மட்டும்.

ஆகவே பதிவில் இல்லை:
சந்தைமுக்கு ஐந்து சென்டைக் கொடுத்தால்
மீன் ஏலம் போகும், தீனக்காரனா குத்தகை தருவான் என்று
நாலாம் வார்டு அம்புரோஸ் கேட்டது;
"ஒமக்குத் தீனமே வராதாக்கும்" என்று
லில்லிபாய் டீச்சர் சொன்னது;
அவர் கை தன்னறியாமல்
சட்டைப்பையின் சர்க்கரை மாத்திரையைத் தடவியது.

பதினாலாம் வார்டு சுகுமாரி
அதுவரை வாய் திறக்கவில்லை.
விடியுமுன் முந்நூறு மரம் பால்வெட்டிவிட்டு வந்தவள்.
விரலிடுக்கில் ஒட்டுப்பால் கறுத்திருந்தது.
"எத்தன மணிக்குத் தொறக்கும்?"

ஒன்பது முதல் நாலு.

"ரெண்டு மணிக்குத் தலையில வெளக்கு கெட்டிட்டு ஏறுதோம்.
பாலெடுத்து, ஷீட் அடிச்சு, கடவு தாண்டி
எறங்கும்ப நாலு கழியும்.
ஒம்பதுக்கும் நாலுக்கும் எடையில
எங்க வார்டில தீனப்படவும் நேரமில்ல பாத்துக்கிடுங்க.
பாம்பும் ராத்திரிதான் கடிக்குது."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
போன ஆவணியில் அவள் கொழுந்தனைக்
கட்டிலோடு சுமந்து இறக்கியதும்,
ஆசாரிப்பள்ளம் எட்டுமுன் வண்டி
வேகம் குறைத்ததும் எல்லோருக்கும் ஓர்மை வந்தது.
(மஞ்சள் சுவர் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான்,
நர்ஸ் பிளெஸ்ஸி பின்னால் என்னிடம் சொன்னார்.
ஒரு விளக்கு இருந்திருக்கும்.
வண்டி வரும்வரை படுக்க ஒரு பெஞ்சு.)

செயல் அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
நேரம் நம் அதிகாரத்தில் இல்லை.
நியமனம் இல்லை, மருந்து இல்லை,
டாக்டர் இல்லவே இல்லை.

"பின்ன நமக்கு என்னதாக்கும் உண்டு?"

கட்டடம். தண்ணீர். தெருவிளக்கு. குப்பை.
கரண்டு பில்.

"சாவியோ?"

சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம்.
பூட்டைப் பற்றி ஒரு வரி கிடைத்தது,
அதுவும் தொழிற்கூடங்களுக்கு.
சாவி பற்றி ஒன்றும் இல்லை.
இல்லாததால் தடையும் இல்லை.

தீர்மானம் இப்படி அமைந்தது:
மையம் தோணிக்கடவின் இக்கரையில், பதினாலாம் வார்டில்.
மாற்றுச் சாவி ஒன்று உறுப்பினர் வசம்.
வாசல் விளக்கு இரவு முழுதும்.
மீன் ஏலம் பிழைத்த மகிழ்ச்சியில்
அம்புரோஸ்தான் முதலில் கை தூக்கினார்.
ஒருமனதாக என்று எழுதினேன்.

மாவட்டத்திலிருந்து பதில் வந்தது, ஒரே சொல்:
பார்வையிடப்பட்டது.

அப்புறம் திறப்புவிழா, ரிப்பன்,
திரையில் டாக்டர் உதடு அசைய, சத்தம் வராமல் நின்றது.
செவ்வாயும் வெள்ளியும் இருட்டியபின்
பிளெஸ்ஸியின் ஸ்கூட்டர் கடவுப் பக்கம் போவதை
நான் பார்த்ததாக எங்கும் எழுதவில்லை.
ரத்தக்கொதிப்புக் கருவியின் பட்டையில்
ரப்பர்பால் வாடை போகவே மாட்டேன் என்கிறதாம்.

இந்த ஆண்டுத் தணிக்கையில் ஒரு கேள்வி:
நாலு மணிக்கு அடைக்கும் கட்டடத்துக்கு
இத்தனை யூனிட் எப்படி?

மூன்று நாளாய்த் தாள் என் மேசையில்.
பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
இன்று எழுதினேன்.
மக்கள் பங்கேற்பு.
தடித்து விழட்டும் என்று
பேனாவை இரண்டு முறை ஓட்டினேன்.